குதிரைக் குட்டியும் குருதிக் குறிகளும்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, நான் முதலில் எண்ணிய பொருள் வேறு. எங்கள் ஊரான பிள்ளைச்சாவடியில் கடல் கரையை அரித்து வருவதைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் அதைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். மூன்று நாள் மட்டுமே உயிரோடிருந்த ஒரு குதிரைக் குட்டியைப் பற்றி எழுத என்னைத் தவிர யாரும் இல்லை. எனவே அதையே எடுத்துக்கொண்டேன். பாடத்திற்குள் சொந்தக் கதை நுழைகிறதே என்று ஆசிரியப் பெருமக்கள் நினைக்கலாம். அந்தக் கதை இல்லையென்றால் இந்தப் பாடம் எனக்குப் புரிந்திருக்காது.

என் சித்தப்பா கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட்டு வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் ராணி என்றொரு பெண் குதிரை உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டில் அது முதன்முறையாகச் சினையாயிற்று. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாட்கள். பதினோரு மாதமும் சித்தப்பா அதை வண்டியில் பூட்டாமல் வைத்திருந்தார் என்று சொல்ல மாட்டேன், பிழைப்பு அப்படி. ஆனால் கடைசி இரண்டு மாதம் லாயத்தை விட்டு வெளியே இழுக்கவில்லை. கொள்ளும் புல்லும் குறையாமல் வைத்தார்.

குட்டி ஈனுவதற்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பே ராணியின் மடியிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது. பின்னங்கால்களின் உட்புறம் பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. "பாலு வழியிது பாரு, குட்டிக்குக் கொறையே இருக்காது" என்று ஆயா சொன்னார். எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிதான் எங்கள் முதல் தவறு என்பதை மூன்று ஆண்டுகள் கழித்துக் கருவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அறிந்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தை மாதத்து நள்ளிரவு ஒன்றில் குட்டி பிறந்தது. பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் ஈனும். செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரல் நுனியளவு வெள்ளை. ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நின்றது. இரண்டு மணி நேரத்திற்குள் மடியைத் தேடிக் கண்டுபிடித்தது. மூன்று மணி நேரத்திற்குள் ராணிக்கு இளங்கொடி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குதிரை மருத்துவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. அந்தக் கணக்கின்படி எங்கள் குட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் முழுவதும் தெருப்பிள்ளைகள் லாயத்தின் வாசலில்தான் இருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை குட்டியின் நெற்றி முழுவதும் பால் வடிந்திருந்தது. "நெத்தியில பாலு பூசிக்கினு நிக்குது பாரு" என்று அம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என் கைப்பேசியில் படமும் எடுத்தேன். தாயின் மடி பந்து போல விம்மிக் கிடந்தது. குட்டி மடிக்கடியில் நின்றது, ஆனால் குடிக்கவில்லை. மடியில் நிறைந்த பால் தானாகச் சொட்டி அதன் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. நோயுற்ற குட்டியை அடையாளம் காண மருத்துவ நூல்கள் கூறும் அறிகுறிகளில் இது ஒன்று. அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மாலையில் குட்டி படுத்தது, எழவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். குட்டியைத் தொடுவதற்கு முன்பே, "எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்றுதான் கேட்டார். சித்தப்பா பன்னிரண்டு என்றார். ஆயா இரண்டு என்றார். நான் தூங்கிப் போயிருந்தேன். மருத்துவர் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, கழுத்து நரம்பில் குருதி எடுத்தார். உடற்சூடு பார்த்தார், காய்ச்சல் இல்லை. அதைக் கேட்டு நாங்கள் ஆறுதல் அடைந்தோம். அவர் ஆறுதல் அடையவில்லை. மருந்தும் சர்க்கரை நீரும் ஏற்றினார். விடியுமுன் குட்டி இறந்தது. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் புதைத்தோம். புதைத்த மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்துத் தாள் வந்தது: குருதியில் ஈ.கோலி என்னும் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டது, குட்டி இல்லை.

கடன் வாங்கிப் பிறக்கும் உயிர்

நுண்ணுயிர்கள் குருதியில் புகுந்து, அவற்றை எதிர்க்கும் முயற்சியில் உடலின் உறுப்புகளே நிலைகுலைந்து போகும் நிலையைச் செப்சிஸ் என்பர். குருதி நஞ்சாதல் என்று பழைய நூல்களில் எழுதினார்கள். பிறந்த முதல் வாரத்தில் குதிரைக் குட்டிகள் இறப்பதற்குத் தலையாய காரணம் இதுவே. மற்ற விலங்குகளைவிட இக்குட்டி ஏன் இவ்வளவு எளிதில் இரையாகிறது? விடை நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

மனிதரின் நஞ்சுக்கொடியில் தாயின் குருதி கருவின் திசுவை நேராகத் தொட்டு ஓடுகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் கடைசி மூன்று மாதங்களில் பெருமளவு குழந்தைக்கு வந்து சேர்ந்துவிடும். குறைமாதக் குழந்தை கிருமிக்கு எளிதில் ஆட்படுவதற்கு ஒரு காரணம், அந்தக் கடைசி மாதங்களை அது இழந்துவிட்டதே. குதிரையிலோ தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையே ஆறு அடுக்குகள் நிற்கின்றன. உணவு கடக்கும், உயிர்வளி கடக்கும். எதிர்ப்பொருள் என்னும் பெரிய புரதமூலக்கூறு கடக்காது. ஆகவே குட்டி பிறக்கும்போது அதன் குருதியில் ஐ.ஜி.ஜி. என்னும் முதன்மையான எதிர்ப்பொருள் ஏறத்தாழ இல்லவே இல்லை. தானே உற்பத்தி செய்து முழு அளவை எட்டச் சில மாதங்கள் ஆகும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி வடநெம்மேலி என்ற ஊர் வரும். அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் பாம்பு நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். பாரிசில் எமில் ரூ 1894இல் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து எடுத்ததும் குதிரையிடமிருந்துதான். நூறாண்டுகளுக்கு மேலாக மனிதப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பொருளை வாரி வழங்கி வந்த விலங்கு, தன் சொந்தக் குட்டிக்குக் கருவறையில் ஒரு துளியும் கொடுக்க முடியாமல் இருக்கிறது!

கொடுக்க வேண்டியதையெல்லாம் தாய்க்குதிரை சீம்பாலில் வைத்திருக்கிறது. சினைக்காலத்தின் கடைசி வாரங்களில் எதிர்ப்பொருள்கள் மடியில் வந்து சேர்கின்றன. குட்டியின் சிறுகுடற்சுவரில் இதற்கென்றே சிறப்பு உயிரணுக்கள் இருக்கின்றன; அவை பெரிய புரதத்தைச் செரிக்காமல் அப்படியே விழுங்கிக் குருதிக்கு அனுப்பும். ஆனால் அந்த வாயில் நெடுநேரம் திறந்திருக்காது. முதல் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் உறிஞ்சுதல் மிகுதி. பிறகு விரைவாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சீம்பாலைக் கொடுத்தாலும் அது வெறும் உணவுதான்.

இப்போது ராணியின் கால்களில் காய்ந்திருந்த வெள்ளைப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். சீம்பால் ஒரு முறைதான் சுரக்கும். ஐந்தாறு நாட்களாகத் தரையில் சொட்டியது வெறும் பாலன்று. குட்டிக்கு வேண்டிய கவசம் முழுவதும் அதில்தான் போயிற்று. குட்டி பிறந்தபின் குடித்தது பால்தான், சீம்பால் அன்று. பேராசிரியர் கரும்பலகையில் நஞ்சுக்கொடியின் ஆறு அடுக்குகளை வரைந்து, "பெண் குதிரைக்கு ஈனுமுன் பால் ஒழுகினால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்" என்று போகிற போக்கில் சொன்னார். வகுப்பு குறிப்பெடுத்துக்கொண்டது. எனக்கு எழுதக் கை வரவில்லை.

நம் நாட்டுக் கடற்கரையில் குதிரை வளர்ப்பது என்றுமே எளிதாக இருந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் வழியாக வரவழைப்பதையும், பராமரிப்பு அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை இறந்துபோவதையும் எழுதியிருக்கிறார். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் சேர்ந்தாலும் இங்கே கால் கோணிய சிறு குட்டிதான் பிறக்கிறது என்பதும் அவர் குறிப்பு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் குட்டிகள் இங்கே தேறவில்லை என்ற செய்தி அக்காலத்திலேயே ஒரு வெளிநாட்டாரின் காதுக்கு எட்டியிருக்கிறது.

குருதி என்ன சொல்கிறது?

குட்டியின் நோயை ஏன் முன்கூட்டியே அறிய முடியவில்லை? முதற்காரணம், வெளியே தெரியும் அறிகுறிகள் காலங்கடந்து வருகின்றன. காய்ச்சலை நம்ப முடியாது; செப்சிஸ் கண்ட குட்டியின் உடற்சூடு இயல்பாகவும் இருக்கலாம், இயல்புக்குக் கீழேயும் போகலாம். இரண்டாவது, உறுதியான சான்று எனப்படும் குருதி வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். அதுவும், நோய் இருந்தும் பல வேளைகளில் ஒன்றும் வளராமல் போகும். எங்கள் குட்டிக்கு மூன்று நாட்கள்கூட இல்லை. ஆகவே கிருமியைத் தேடாமல், கிருமியைக் கண்ட உடல் தன் குருதியில் என்னென்ன மாற்றங்களைச் செய்கிறது என்று தேடுவது ஆய்வாளர் கண்ட வழி. அம்மாற்றங்களையே குருதிக் குறிகள் என்கிறோம்.

முதலில் வெள்ளணுக்கள். கிருமி புகுந்தவுடன் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குருதியை விட்டுத் திசுக்களுக்குள் பாய்கின்றன. எலும்பு மச்சை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதிராத அணுக்களையும் வெளியே தள்ளுகிறது. போர் நடக்கும் ஊரில் பள்ளிப் பிள்ளைகளையும் படையில் சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். எனவே தொடக்கத்தில் எண்ணிக்கை குறையும்; ஒரு கன மில்லிமீட்டரில் 4,000க்குக் கீழ் போனால் ஐயம், 2,000க்குக் கீழ் என்றால் பேரையம். சில நாள் தாக்குப்பிடித்த குட்டியிலோ எண்ணிக்கை இயல்பைத் தாண்டி உயரும். அதாவது குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய். எது எப்போது என்பதுதான் கேள்வி.

ஃபைப்ரினோஜென் என்பது கல்லீரல் செய்யும் புரதம்; குருதி உறைவதற்குத் துணை செய்வது. அழற்சி ஏற்பட்டால் மிகும். ஆனால் மெதுவான பேர்வழி. உயர்வதற்கு ஒன்றிரண்டு நாட்கள் எடுத்துக்கொள்ளும். 100 மி.லி.யில் 400 மில்லிகிராம் வரை இயல்பு. இப்போது கவனியுங்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே ஒரு குட்டிக்கு 700 இருக்கிறது என்றால் என்ன பொருள்? இவ்வளவு உயர ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். குட்டி பிறந்தோ சில மணி நேரம்தான் ஆகிறது. ஆகவே நோய் கருவறையிலேயே, நஞ்சுக்கொடி வழியாகத் தொடங்கிவிட்டது என்று தெரிகிறது. அதே 700 நான்காம் நாளில் காணப்பட்டால், நோய் தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ பிறந்த பிறகு புகுந்திருக்கலாம். எண் ஒன்றுதான், கதை இரண்டு. மணியைக் குறிக்காத தாளில் இந்த 700க்கு எந்தப் பொருளும் இல்லை.

குதிரை இனத்தில் இதைவிட விரைவாகப் பேசும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் சீரம் அமிலாய்டு ஏ. மனிதருக்குச் சி.ஆர்.பி. எப்படியோ, குதிரைக்கு இது அப்படி. அழற்சி தோன்றிய ஆறு மணி நேர அளவில் உயரத் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சிக்குப் போய்விடும். நலமான குதிரையில் மிகமிகக் குறைவாக இருப்பது, நோயில் நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருகும். குட்டியின் குருதியில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் கிருமித் தொற்றை எண்ணியே ஆகவேண்டும். மருந்து வேலை செய்தால் அதே வேகத்தில் இறங்கிவிடும் என்பதால், நோய் தணிகிறதா என்று பின்தொடரவும் பயன்படும். ஆனால் இது அழற்சியைக் காட்டுமே தவிர, அழற்சியின் காரணத்தைக் காட்டாது. கடினமான ஈற்றில் காயப்பட்ட குட்டியிலும் உயரலாம்.

லாக்டேட் வேறு வகை. திசுக்களுக்குப் போதிய உயிர்வளி கிடைக்காதபோது அது குருதியில் தேங்குகிறது. புதிதாகப் பிறந்த நலமான குட்டியிலும் ஓரளவு கூடுதலாகத்தான் இருக்கும்; ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்காமல் நிற்பதுதான் அபாயம். சர்க்கரை இதற்கு நேர்மாறு. குட்டிக்குச் சேமிப்பு இல்லை. பால் குடிப்பதை நிறுத்தினால் சில மணி நேரத்தில் சர்க்கரை சரிந்துவிடும். எங்கள் குட்டிக்கு மருத்துவர் முதலில் சர்க்கரை நீரை ஏற்றியது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிரெஞ்சு வாடை இன்னும் மாறாத நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு செய்திகள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரில் தோன்றியது. அதைத் தொடங்கிய குளோத் பூர்ழெலா குதிரையேற்றம் கற்பித்தவர். புரோகால்சிடோனின் என்ற பொருள் கிருமித் தொற்றின்போது மனிதக் குருதியில் மிகுதியாகிறது என்பதை 1993இல் வெளியிட்டவர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களே. இயல்பாகத் தைராய்டு சுரப்பியில் மட்டும் உண்டாகும் இப்பொருளை, செப்சிஸ் வந்தால் உடலின் பல உறுப்புகளும் சுரக்கின்றன. மனிதரில் இது இன்று பரவலாகப் பயன்படுகிறது. குதிரைக் குட்டிகளிலும் சோதித்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை. ஆகவே இதை மட்டும் நம்பிக் குட்டிக்கு மருத்துவம் செய்வார் இல்லை.

ஒரு குறியை மட்டும் நம்பலாகாது என்பதால்தான் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூவர், கோட்டர்பா ஆகிய இருவரும் 1988இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வெள்ளணு, ஃபைப்ரினோஜென், சர்க்கரை, ஐ.ஜி.ஜி. ஆகிய குருதிக் குறிகளோடு, குட்டி குறைமாதமா, ஈறுகளின் நிறம் என்ன, மூட்டு வீங்கியிருக்கிறதா, தாய்க்கு நோய் இருந்ததா என்பனவற்றையும் சேர்த்து மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 11ஐத் தாண்டினால் செப்சிஸ் என்று கொள்ளலாம். இதில் ஐ.ஜி.ஜி. 200 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அதற்கு மட்டுமே 4 மதிப்பெண். தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்பவர்கள் நாம். இங்கே கூடக்கூட அச்சம். இந்த முறையும் முழுமையானதன்று. பின்னர் வேறு மருத்துவமனைகளில் பார்த்தபோது, நோயுற்ற குட்டிகள் பலவற்றை அது தவறவிட்டது தெரியவந்தது. ஆயினும் எல்லாக் குறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை மருத்துவர்களுக்கு அது உண்டாக்கியது. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் குட்டி சோர்ந்திருந்தால் மருந்தைத் தொடங்கு என்பதே இன்றைய நடைமுறை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அக்காவின் குழந்தை

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது; ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பிறந்த இரண்டாம் நாள் பால் குடிக்க மறுத்தது. அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பால் வடிந்த நெற்றியை இருவருமே நினைத்தோம் என்பது சொல்லாமலே தெரிந்தது.

மருத்துவமனையில் குழந்தையின் குருதியை எடுத்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வந்தது. 10க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. அப்படியிருந்தும் மருந்தைத் தொடங்கினார்கள். மறுநாள் மீண்டும் குருதி எடுக்க வந்தார்கள். அத்தான் சினந்துகொண்டார். "ஒரு கையளவு பிள்ளைகிட்ட இன்னும் எத்தினி தடவ ரத்தம் எடுப்பாங்க? நல்லாத்தான இருக்குதுன்னு வந்துருக்குது?" என்றார். சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் அவரை வெளியே அழைத்துச் சென்று, மருத்துவமனைச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வளைகோடு வரைந்து காட்டினேன். கிருமி புகுந்தவுடன் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் செய்யத் தொடங்கினாலும், குருதியில் அது தென்பட ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உச்சிக்குப் போக இரண்டு நாட்கள்கூட ஆகலாம். முதல் ஊசி அதற்கு முன்னரே குத்தப்பட்டிருந்தால் 4 என்றுதான் காட்டும். இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இரு முறை எடுத்து, இரண்டும் இயல்பாக இருந்தால்தான் பெரும்பாலும் தொற்று இல்லை என்று துணியலாம். புரோகால்சிடோனினோ இன்னும் தந்திரமானது. நலமான குழந்தையிலும் பிறந்த முதல் இரண்டு நாட்களில் தானாகவே உயர்ந்து இறங்கும். அதற்கு இயல்பளவு என்று ஓர் எண் இல்லை. மணிக்கு மணி வேறு வேறு எண்.

இரண்டாம் முறை 31 வந்தது. மருந்து முன்பே தொடங்கியிருந்ததால் குழந்தை தேறியது. இப்போது தவழ்கிறது.

இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமன்று. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் செப்சிஸ் கண்டிருந்தது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை. குருதி வளர்ப்பில் கிருமி கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களே அதிகம். நம் மருத்துவர்களும் குதிரை மருத்துவர்களைப் போலவே, கண்ணால் காண முடியாத ஒன்றை அதன் காலடித் தடத்தை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

நம்மால் ஆவது

மேலே சொன்ன சோதனைகளுள் பல, சாரட்டு வண்டிக்காரருக்கு எட்டாதவை. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது ஐ.ஜி.ஜி. சோதனை. நோய் வந்துவிட்டதா என்பதை மற்றக் குறிகள் சொல்கின்றன. நோயைத் தாங்கும் கவசம் இருக்கிறதா என்பதை இது சொல்கிறது. 100 மி.லி. குருதிச் சீரத்தில் 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குட்டி சீம்பாலை முறையாகப் பெற்றிருக்கிறது. 400க்குக் கீழ் என்றால் பெறவில்லை. இடைப்பட்டது அரைகுறை.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அரை மி.லி. சீரத்தில் 10 விழுக்காடு குளூட்டரால்டிகைடு கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தால் பத்து நிமிடத்துக்குள் கூழ் போல உறைந்துவிடும். அது 800க்கு மேல் என்பதற்கு அடையாளம். ஒரு மணி நேரத்துக்குள் உறைந்தால் 400க்கு மேல். அதற்குப் பிறகும் நீராகவே ஓடினால், குட்டிக்கு ஆபத்து காத்திருக்கிறது. இந்த வேதிப்பொருள் நம் விலங்கியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது. திசுக்களைப் பதப்படுத்த வைத்திருக்கிறோம். கண்ணிலும் மூக்கிலும் படாமல் கையாள வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

குறைவு என்று தெரிந்தால் செய்வதற்கும் வழி உண்டு. பிறந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லையென்றால், வேறு பெண் குதிரையிடமிருந்து எடுத்து உறையவைத்த சீம்பாலைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் குடல் ஏற்காது; வளர்ந்த குதிரையின் பிளாஸ்மாவை ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அது மருத்துவர் செய்ய வேண்டியது. நம் புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஈனுவதற்கு முன்பே அங்கே போய்க் கேட்டுவைத்திருக்கலாம் என்பது குட்டி போன பிறகுதான் எங்கள் வீட்டாருக்குத் தோன்றியது. தொப்புளை மருந்து நீரில் நனைப்பது, லாயத்துத் தரையைக் காய்ந்ததாக வைப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவையே.

ராணி இப்போது மறுபடியும் சினையாக இருக்கிறது. கணக்குப்படி ஆடி மாதத்தில் ஈன வேண்டும். மடியில் பால் சொட்டத் தொடங்கினால் அன்றே எனக்குச் சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவிடம் கூறியிருக்கிறேன். பாகூர்ப் பக்கம் குதிரை வைத்திருக்கும் இன்னொரு வண்டிக்காரரிடம் அவர் சீம்பாலுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். அதே மருத்துவர்தான் வந்து குருதி எடுப்பதாக இசைந்திருக்கிறார். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பார்க்கும் வேலை எனக்கும் என் வகுப்புத் தோழர் இருவருக்கும். பேராசிரியர் அதற்காகச் சிறு குடுவை ஒன்றில் கரைசலைத் தனியே எடுத்து வைத்து, என் பெயரை ஒட்டியிருக்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன்: சித்தப்பா லாயத்துச் சுவரில் கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. அடுத்த வாரம் போகும்போது திருத்த வேண்டும்.